டயாலிசிஸ்ல இருக்கிற அப்பாவுக்கு ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறலை. 4000-ஐ 10000 ஆக்கலாமா?

செல்லூர்_மகள் · ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். அதுலயே கிட்னி போயிருச்சு. இப்ப வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ், காப்பீட்டு கார்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஓடுது. கையில ரத்தக்குழாய்களை இணைச்சுப் போடுற ஃபிஸ்டுலா இன்னும் போடலை, கழுத்துல டியூப் வச்சுத்தான் பண்றாங்க. டயாலிசிஸ் முடிஞ்சதும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் ஊறுறதுக்கு 4000 யூனிட் எரித்ரோபாய்டின் ஊசி வயித்துல போட்டு அனுப்புறாங்க. அப்படியும் ஹீமோகுளோபின் 8.1-ல இருந்து 7.4-க்கு இறங்கிருச்சு.

தறிக்கூடத்துல நாள் பூரா நின்னு வேலை பார்த்த மனுஷன். இப்ப தெருமுனை டீக்கடைக்குப் போறதுக்குள்ள ரெண்டு வீட்டுத் திண்ணையில உக்காந்து எந்திரிச்சுப் போறாரு. கண்ணுக்குக் கீழ இமையை இழுத்துப் பார்த்தா வெள்ளையா இருக்கு.

தம்பி, ஊசி பவர் பத்தலை, 10000 போடச் சொல்லுங்கிறான். பெரியப்பா, ஊசியெல்லாம் வேஸ்ட், ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துங்கிறாரு. அம்மா தினமும் சுவரொட்டி வாங்கியாந்து வதக்கிக் குடுக்குது. டாக்டர்கிட்ட கேட்டா "பார்ப்போம், அடுத்த மாசம் டெஸ்ட் எடுப்போம்"கிறதோட முடிஞ்சிருது. இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.


மேலூரான் · ஞாயிறு இரவு

தங்கச்சி, உங்க பெரியப்பா சொல்றது சரி. எங்க மாமனாருக்கு இப்படித்தான் மாசக்கணக்கா ஊசியப் போட்டு இழுத்துக்கிட்டே இருந்தாய்ங்க. கடைசியில ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்துனதும் மறுநாளே எந்திரிச்சு உக்காந்து பேப்பர் படிச்சாரு. ஊசி வேலை செய்ய மாசமாகும், ரத்தம் உடனே வேலை செய்யும். ஏழுக்கு வந்தப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?


ரயிலடி_திருமங்கலம் · ஞாயிறு இரவு

மேலூர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இதுல நான் உங்களுக்கு எதிர்க்கட்சி. நான் மாற்றுச் சிறுநீரகம் வாங்கினவன். டயாலிசிஸ் ஆரம்பத்துல எனக்கு ஹீமோகுளோபின் இறங்குறப்பெல்லாம் ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்தாங்க. அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்க அக்கா கிட்னி குடுக்க முன்வந்து கிராஸ் மேட்ச் பார்த்தா பாசிட்டிவ். அடுத்தவங்க ரத்தத்துல இருக்கிற அணுக்களைப் பார்த்து என் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி வச்சிருச்சு. அதே எதிர்ப்பொருள் அக்கா கிட்னியையும் தாக்கும்னு சொல்லிட்டாங்க. அக்கா கிட்னி எனக்கு ஆகாமலே போச்சு. உறுப்பு மாற்று ஆணையத்துல பேரைப் பதிஞ்சு, இறந்தவர் தானத்துக்காகக் காத்திருந்துதான் வாங்கினேன்.

செல்லூர் தங்கச்சி, அப்பாவுக்கு மாற்று அறுவை பண்ணலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரா? சொல்லியிருந்தா, ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேளுங்க.


மெஷின்_பக்கத்து_ஆள் · திங்கள் காலை

மதுரையில டயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு எழுதுறேன்.

ரத்தம் ஏத்தவே கூடாதுன்னு இல்ல. நெஞ்சு வலி, உக்காந்திருந்தாலே மூச்சு முட்டுறது, எங்கயாவது ரத்தம் போறது, இதெல்லாம் இருந்தா ஏத்தித்தான் ஆகணும். அப்பவும் டயாலிசிஸ் ஓடுறப்பவே ஏத்தினா நல்லது. ஸ்டோர் பண்ணின ரத்தத்துல பொட்டாசியம் கூடியிருக்கும், தண்ணி அளவும் ஏறும், ரெண்டையும் மெஷின் எடுத்துரும். வீட்டுக்குப் போன அன்னைக்கு வேற எங்கயோ ஏத்திக்கிட்டு மூச்சு முட்டி வர்றவங்களை நான் பார்த்திருக்கேன்.

அக்கா, எனக்குத் தெரிய வேண்டியது வேற. அப்பாவுக்கு இரும்புச் சத்து டெஸ்ட் எடுத்தாங்களா? ஃபெரிட்டின், டிசாட்னு ரெண்டு இருக்கும், பைலைப் புரட்டிப் பாருங்க. அது இல்லாம ஊசி டோஸைப் பத்திப் பேசுறதுல பிரயோஜனமே இல்ல.

இன்னொண்ணு. டயாலிசிஸ் முடிச்சு ரத்தத்தைத் திருப்பி உள்ள விட்டப்புறம் டயலைசரை, அதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ற வடிகட்டியை, பார்த்திருக்கீங்களா? அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய்க்குள்ள நூல் நூலா இருக்குமே, அது வெள்ளையா வரணும். கருஞ்சிவப்பா கோடு கோடா நின்னுச்சுன்னா அவ்வளவு ரத்தமும் உள்ளயே உறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். டியூப்லயும் மிச்சம் நிக்கும், மாசா மாசம் டெஸ்டுக்கு வேற எடுக்கிறோம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமா போயி, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு கிராம், ரெண்டு கிராம் இரும்பை இழந்துர்றாங்க. சாப்பாட்டுல அதை ஈடுகட்ட முடியாது. அடுத்த தடவை டயலைசரைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. கழுத்து டியூப்பைச் சுத்தி இருக்கிற கட்டையும் பிரிக்கிறப்ப பக்கத்துல நின்னு பாருங்க.


அழகர்கோயில்_ரோடு · திங்கள் மதியம்

நான் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். உங்கள் அப்பாவை நேரில் பார்க்காதவன் என்பதால் டோஸ் சொல்ல மாட்டேன், என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். டெக்னீஷியன் தம்பி எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மாற்ற மாட்டேன்.

எரித்ரோபாய்டின் என்பது நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து இந்த ஹார்மோனை அனுப்பும், எலும்பு மஜ்ஜை அதைக் கண்டு சிவப்பணுக்களை உண்டாக்கும். சிறுநீரகம் கெட்டால் இந்தச் செய்தி போவது நின்றுவிடுகிறது. அதைத்தான் ஊசியாகப் போடுகிறோம். ஆனால் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் கட்ட இரும்பு வேண்டும். பானையில் அரிசி போடாமல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சோறு ஆகாது.

அதனால்தான் ஊசிக்கு முன்னும், ஊசி ஓடும்போது சில மாதங்களுக்கு ஒரு முறையும் ஃபெரிட்டினும் டிசாட்டும் பார்க்கச் சொல்கிறோம். ஃபெரிட்டின் என்பது கிடங்கில் இருக்கும் இரும்பு. டிசாட் என்பது இப்போது ரத்தத்தில் ஓடி மஜ்ஜைக்குப் போய்ச் சேரும் இரும்பு. 2012-ல் வந்த உலகளாவிய வழிகாட்டுதல்படி டிசாட் 30 சதவீதத்துக்குள்ளும் ஃபெரிட்டின் 500-க்குள்ளும் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாத்திரையைவிட நரம்பு வழியாக ஏற்றும் இரும்புதான் கைகொடுக்கும். அயர்ன் சுக்ரோஸ் 100 மில்லிகிராமை சலைனில் கலந்து டயாலிசிஸ் ஓடும்போதே மெதுவாக விட்டுவிடலாம், தனியாக ஒரு குத்து தேவையில்லை. பிரிட்டனில் 2141 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், மாதம் 400 மில்லிகிராம் வரை முன்கூட்டியே இரும்பு ஏற்றியவர்களுக்கு எரித்ரோபாய்டின் குறைவாகவே தேவைப்பட்டது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்றவையும் மரணமும் சேர்த்துப் பார்த்தாலும் அவர்கள் பக்கம் குறைவு.

தம்பி கேட்கும் 10000 பற்றி. எடைக்கேற்ப, கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் வீதம் வாரம் மூன்று முறை என்றுதான் பெரும்பாலும் தொடங்குவோம். அந்தக் கணக்கில் அப்பாவுக்கு இப்போது போவது பெரிய டோஸ் இல்லை. கூட்ட வேண்டிய தேவை வரலாம். ஆனால் இருக்கிற டோஸிலேயே ஹீமோகுளோபின் 8.1-லிருந்து கீழே இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று அதை இழுக்கிறது. இரும்பு, கிருமித் தொற்று, மலத்தில் ரத்தக்கசிவு, வலி மாத்திரையால் வயிற்றுப்புண், பி12, ஃபோலிக் ஆசிட் குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருப்பது, டயாலிசிஸ் போதாமை என்று அதற்குப் பல முகம் உண்டு. வாரம் இரண்டு தடவை என்பது நம் ஊரில் பணத்தாலும் இடத்தாலும் வந்த வழக்கம். உடம்புக்கு மூன்று வேண்டும். கழுத்தில் டியூப் இருக்கும் ஒருவருக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த டியூப்பைத்தான்.


வாடிப்பட்டி_தம்பி · திங்கள் இரவு

டாக்டர் சார், எங்க சித்திக்கும் இதே ஊசிதான். ஹீமோகுளோபின் 11.8 வந்ததும் டோஸைக் குறைச்சுட்டாங்க. நல்லா ஏறிக்கிட்டு இருக்கிறப்ப ஏன் சார் குறைக்கணும்? பொம்பளைங்களுக்கு 12-க்கு மேல இருக்கணும்னு லேப் ரிப்போர்ட்லயே போட்டிருக்கே. ஊசி காசை மிச்சம் பண்றாங்களோன்னு எங்க வீட்ல ஒரே பேச்சு.


அழகர்கோயில்_ரோடு · செவ்வாய் காலை

உங்கள் சித்திக்கு அவர்கள் நல்லதுதான் செய்திருக்கிறார்கள் தம்பி. லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு.

நாங்களும் ஒரு காலத்தில் இயல்பு அளவுக்கு ஏற்றுவதுதான் நியாயம் என்று நினைத்தோம். 1998-ல் இதயநோயும் உள்ள 1233 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ரத்தத்தை இயல்பு அளவுக்கு ஏற்ற முயன்ற பக்கத்தில் மரணமும் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்து பாதியிலேயே நிறுத்தினார்கள். 2006-ல் இன்னொரு ஆய்வு: 13.5 இலக்கு வைத்தவர்களுக்கு 11.3 இலக்கு வைத்தவர்களைவிட பாதிப்பு அதிகம். 2009-ல் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள 4038 பேரிடம் நடந்த ஆய்வில் 13-ஐக் குறிவைத்து ஊசி போட்டவர்களில் 5 சதவீதத்தினருக்குப் பக்கவாதம், மற்றவர்களில் 2.6 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்குப் பிறகுதான் 11.5-ஐப் பொதுவாகத் தாண்ட வேண்டாம், 13-க்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று கோடு போட்டார்கள்.

வேகமும் முக்கியம். இரண்டு வாரத்தில் ஒரு புள்ளிக்கு மேல் ஏறினாலே டோஸைக் கால்வாசி குறைப்போம். ரத்தம் திடீரென்று அடர்த்தியானால் பி.பி. எகிறும், வலிப்பு வரலாம், ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளலாம். ஆசையாக வளர்த்த ஃபிஸ்டுலா ஒரே ராத்திரியில் துடிப்பு நின்று போன நோயாளிகளைப் பார்க்கும்போது வயிறு எரியும்.


சோழவந்தான்_ஆசிரியர் · செவ்வாய் மாலை

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன் நான். என் துணைவியாருக்கும் இந்த ஊசி போடப்படுவதால் இதைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறேன். பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

இந்த ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுக்க சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் என்ற ஆய்வாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். கடைசியில் வழி காட்டியவர் ஜப்பானைச் சேர்ந்த மியாகே என்ற மருத்துவர். மஜ்ஜை செயலிழந்த ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதியாக வெளியேறும். அவர்களிடமிருந்து சேகரித்த 2550 லிட்டர் சிறுநீரை வற்றவைத்து அவர் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். 1977-ல் தூய ஹார்மோன் கிடைத்தது. அளவு சில மில்லிகிராம்தான். 1983-ல் ஃபூ குவென் லின் என்ற அறிஞர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார், அதன்பின் உயிரணுக்களில் வைத்து வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. 1989-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அதற்கு முன் டயாலிசிஸ் நோயாளிகள் பலர் மாதாமாதம் பிறர் ரத்தத்தை நம்பியே உயிரோடு இருந்தார்கள். ரத்தம் வழியே மஞ்சள்காமாலை தொற்றியது, ஏற்றிய ரத்தத்தின் இரும்பு கல்லீரலில் சேர்ந்து அதையும் கெடுத்தது. யாரோ முகம் தெரியாத நோயாளிகள் கொடுத்த சிறுநீரிலிருந்து தொடங்கியதுதான் இன்று என் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.


உசிலம்பட்டி_அக்கா · செவ்வாய் இரவு

எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் டயாலிசிஸ் வரலை, கிரியாட்டினின் 4-க்கு மேல. ஊசிய நானே வீட்ல போடுறேன், தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் தள்ளி, ஒரு வாரம் இந்தப் பக்கம், மறுவாரம் அந்தப் பக்கம். இவருக்கு டார்பெபாய்டின்னு வேற வகை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டாப் போதும். மருந்து உடம்புல கூட நேரம் நிக்குமாம். டயாலிசிஸ்க்குப் போகாதவங்களுக்கு அது சௌகரியம்.

எனக்குப் பயம் மருந்து கெட்டுப்போறதுதான். மதுரையில வாங்கி பஸ்ல ஒன்றரை மணி நேரம் வரணும். சித்திரையில கேக்கவே வேணாம், பஸ்ஸுக்குள்ள அடுப்புல உக்காந்த மாதிரிதான் வர்றோம். கடையில ஐஸ் போட்டு ஒரு கவர்ல தர்றாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா சில சமயம் ஐஸ் தண்ணியாக் கிடக்கு. போடலாமா?


மருந்துக்கடை_கோரிப்பாளையம் · செவ்வாய் இரவு

அக்கா, கடைக்காரனா இதுக்கு நான் பதில் சொல்றேன். இது புரத மருந்து. 2-லிருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். வெயில் எவ்வளவு கெடுதலோ, உறையுறது அதைவிடக் கெடுதல். நிறைய பேர் ஐஸ்கட்டி மேலயே ஊசிய வச்சு இறுக்கிக் கட்டித் தர்றாங்க, அது தப்பு. ஊசியை அதோட அட்டைப்பெட்டியிலயே வச்சு, மேல நாலு மடிப்பு பேப்பரோ துணியோ சுத்தி, அப்புறம் ஐஸ் பேக் பக்கத்துல வைக்கணும். தெர்மாகோல் டப்பா இல்ல அகல வாய் பிளாஸ்க் கொண்டு வாங்க. எந்தக் கடையிலயும் அதுல வச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க, அது உங்க உரிமை.

வீட்ல ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, திறந்து மூடித் திறந்து மூடி சூடு மாறிக்கிட்டே இருக்கும். ஃப்ரீசருக்கு அடியில ஒட்டியும் வைக்காதீங்க. நடுத்தட்டு சரியான இடம். குலுக்கக் கூடாது. மருந்து கலங்கியோ துகள் மிதந்தோ இருந்தா போடாம திருப்பிக் கொண்டாங்க. ஐஸ் கரைஞ்சாலும் தொட்டா ஜில்லுன்னு இருந்தா பதறாதீங்க, கம்பெனி நம்பர் அட்டையில இருக்கும், கேட்டுக்கலாம். கைச்சூடு வந்துருந்தா அதைப் போட வேண்டாம்.

விலையைப் பத்தி யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்றேன். எரித்ரோபாய்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு, அதனால அரசு உச்சவரம்பு உண்டு. ஆனா அட்டையில இருக்கிற விலைக்கும் கடைக்குக் கடை தர்ற விலைக்கும் பெரிய வித்தியாசம் வரும். நாலு இடத்துல கேட்டு வாங்குங்க. கார்டுல டயாலிசிஸ் பண்றவங்க, ஊசி அந்த பேக்கேஜ்ல சேர்த்தியான்னு காப்பீட்டு மேஜையில கேட்டுட்டு வெளிய வாங்குங்க. பெரியாஸ்பத்திரியில பார்க்கிறவங்க அங்க மருந்து இருக்கான்னு கேக்காம சீட்டைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வர்றாங்க, அதைப் பார்க்கிறப்ப மனசு கஷ்டமா இருக்கு.


மேலூரான் · புதன் காலை

எல்லாரும் ஊசியவே பேசுறீங்க. சுவரொட்டி, ஈரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மாதுளை, இதெல்லாம் சாப்பிட்டு ரத்தம் ஊறி நம்ம பாட்டன் பூட்டன் வாழலையா? செல்லூர் அம்மா செய்யிறதை யாரும் தப்புன்னு சொல்லிராதீங்க.


உசிலம்பட்டி_அக்கா · புதன் காலை

தப்புன்னு சொல்லலை அண்ணே. அந்தம்மா கை பக்குவத்துல பாசம் இருக்கு. ஆனா கிட்னி போனவங்களுக்குப் பேரீச்சம்பழமும் மாதுளையும் கீரையும் பொட்டாசியத்தை ஏத்திவிட்டுரும், இதயம் நின்னுரும்னு எங்க டயட்டீஷியன் தெளிவாச் சொல்லிட்டாங்க. எங்க தெருவுல ஒருத்தரு டயாலிசிஸ் பண்றவரு, உடம்பு சூட்டுக்குன்னு இளநியக் குடிச்சுட்டு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. ஈரல்ல, சுவரொட்டியில இரும்பு இருக்கு, பாஸ்பரஸும் இருக்கு. அளவு கேட்டுக் குடுக்கணும்.


அழகர்கோயில்_ரோடு · புதன் மதியம்

அக்கா சொன்னது சரி. ஒரு வார்த்தை சேர்க்கிறேன். நாள்பட்ட நோயிலும் தொற்றிலும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரக்கும். அது குடலிலிருந்து இரும்பை உள்ளே விடாது, கிடங்கில் இருப்பதையும் வெளியே விடாது. தட்டில் எவ்வளவு இரும்பு வைத்தாலும் மஜ்ஜைக்குப் போய்ச் சேராமல் இருப்பது இதனால்தான். மேலூர் அண்ணன் சொல்லும் பாட்டன் பூட்டனுக்குச் சிறுநீரகம் வேலை செய்தது.


செல்லூர்_மகள் · வெள்ளி இரவு

எல்லாருக்கும் பதில் போட லேட்டாயிருச்சு. அன்னைக்கே பைலைப் புரட்டினேன். டயாலிசிஸ் ஆரம்பிச்சதுல இருந்து இரும்பு டெஸ்ட் ஒண்ணுகூட இல்ல. டியூட்டி டாக்டர்கிட்ட நேரா கேட்டு எழுதி வாங்கிட்டேன். ரிப்போர்ட் வந்துருச்சு: ஃபெரிட்டின் 870, டிசாட் 13. கூடவே உடம்புல தொற்று, அழற்சி இருந்தாக் காட்டுற சி.ஆர்.பி. டெஸ்டும் எடுத்தாங்க, அது ரொம்ப அதிகம். ஃபெரிட்டின் 870-னா இரும்பு நிறைய இருக்குன்னுதான அர்த்தம்? அப்ப எதுக்கு டிசாட் இவ்வளவு கம்மி?

டயலைசரைப் பார்த்தேன், வெள்ளையாத்தான் வந்துச்சு. ஆனா மெஷின் பக்கத்து அண்ணன் சொன்னபடி கட்டைப் பிரிக்கிறப்ப பக்கத்துல நின்னேன். பஞ்சுல மஞ்சளா ஒரு ரூபாய் காசு அளவுக்குக் கறை. சிஸ்டர் அதைப் பார்த்துட்டுப் பேசாம புதுப் பஞ்சு வைக்கப் போனாங்க, நான்தான் விடலை, டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். ராத்திரி ராத்திரி அப்பாவுக்கு லேசாக் குளிரும், நாங்க ஃபேன் காத்துன்னு நினைச்சு ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருந்தோம்.


அழகர்கோயில்_ரோடு · வெள்ளி இரவு

நீங்கள் விடாமல் நின்றது ரொம்பப் பெரிய காரியம் அம்மா. குளிர் வருவதை நாளைக்கே சொல்லிவிடுங்கள், டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். டியூப்பிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் போட வேண்டும். அதன்பிறகு ஆன்டிபயாட்டிக்.

ஃபெரிட்டின் தொற்றிலும் அழற்சியிலும் தானாகவே ஏறும். அதனால் 870 என்ற எண் இரும்பு மிச்சம் என்பதற்குச் சாட்சி ஆகாது. டிசாட் 13 என்றால் மஜ்ஜை பட்டினி கிடக்கிறது. கிடங்கு பூட்டியிருக்கிறது, பூட்டியது தொற்று. இந்த நிலையில் 10000 யூனிட் போட்டிருந்தால் பி.பி.தான் ஏறியிருக்கும்.

இப்போதே இரும்பு ஏற்றச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம். ரத்தத்தில் கிருமி இருக்கும்போது நரம்பு வழி இரும்பை நிறுத்தி வைப்போம், கிருமிக்கும் இரும்பு உணவு. தொற்று அடங்கியபின் மறுபடி பார்த்து முடிவு செய்வார்கள். ஃபெரிட்டின் 500-லிருந்து 1200 வரை இருந்தும் டிசாட் குறைவாக இருந்தவர்களுக்கு ஒரு கிராம் இரும்பு ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்திருக்கிறது. ஏற்றாதவர்களைவிட அவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. எனவே ஃபெரிட்டினை மட்டும் பார்த்து "இரும்பு வேண்டாம்" என்று சொன்னால், டிசாட்டைக் காட்டிக் கேளுங்கள்.


வாடிப்பட்டி_தம்பி · சனி காலை

சார், ஊசிக்குப் பதிலா மாத்திரை வந்துருச்சுன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். நெசமா?


அழகர்கோயில்_ரோடு · சனி காலை

உண்மை. டெசிடுஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2022-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது, அகமதாபாத் நிறுவனம் ஒன்று உருவாக்கியது. உடலுக்கு ஆக்சிஜன் குறைவு என்று ஒரு சமிக்ஞை கொடுத்து, தன் எரித்ரோபாய்டினைத் தானே சுரக்கச் செய்யும் வகை. உயிரணுக்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்ற கண்டுபிடிப்புக்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கும், அக்கா மாதிரி தூரத்திலிருந்து வருபவர்களுக்கும் இது நல்ல செய்தி. ஆனால் ரத்தம் உறையும் ஆபத்தும் இலக்கு 11.5 என்ற கோடும் இதற்கும் உண்டு. புற்றுநோய் இருந்தவர்கள் ஊசியானாலும் மாத்திரையானாலும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வீடியோ பார்த்துக் கடையில் வாங்காதீர்கள்.


மேலூரான் · சனி மதியம்

செல்லூர் தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்ன சொன்னாய்ங்க? காலையில இருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்.


செல்லூர்_மகள் · ஞாயிறு காலை

அண்ணே, நேத்தே சேர்த்துட்டோம். கல்ச்சர் எடுத்துட்டாங்க, ஆன்டிபயாட்டிக் ஓடுது. அந்த டியூப்பை எடுத்துட்டு வேற இடத்துல புதுசு போடப் போறாங்க. ஊசி டோஸ் இப்ப அப்படியே 4000-லதான் ஓடும், தொற்று குறைஞ்சு இரும்பைச் சரி பண்ணினப்புறம் கூட்டலாமான்னு பார்ப்பாங்களாம். ரத்தம் இப்போதைக்கு வேண்டாம், ஏழுக்குக் கீழ போனாலோ நெஞ்சு வலி வந்தாலோ டயாலிசிஸ்லயே ஒரு யூனிட் ஏத்துவோம்னு சொன்னாங்க. தம்பி 10000 ஊசி ரெண்டு வாங்கி வச்சிருந்தான், கடையில கேட்டா திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க.


மருந்துக்கடை_கோரிப்பாளையம் · ஞாயிறு காலை

குளிர்ல வைக்கிற மருந்தை வெளிய போன பிறகு திருப்பி எடுக்கக் கூடாதும்மா, அது சரியான நடைமுறைதான். எக்ஸ்பைரி பார்த்து நடுத்தட்டுல வைங்க, டாக்டர்கிட்ட சொல்லி வைங்க, டோஸ் கூட்டினா அதையே பயன்படுத்தச் சொல்வாங்க.


மெஷின்_பக்கத்து_ஆள் · ஞாயிறு மதியம்

அக்கா, புது டியூப் போட்டதும் அது நனையாம பார்த்துக்கங்க, அப்பா தலைக்குக் குளிக்கிறப்ப ரொம்ப கவனம். அப்படியே ஃபிஸ்டுலாவுக்கு சர்ஜன்கிட்ட தேதி வாங்கிருங்க. ஃபிஸ்டுலா போட்டாலும் அது பக்குவமாக ஆறு வாரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் டியூப்தான், டியூப் இருக்கிற வரைக்கும் இந்தத் தொல்லை திரும்ப வரும். அப்பா வலது கைப் பழக்கம்னா இடது கையில டெஸ்டுக்கு ஊசி குத்தவோ பி.பி. பட்டை கட்டவோ யாரையும் விடாதீங்க, வார்டுல யாரு வந்தாலும் சொல்லுங்க.


செல்லூர்_மகள் · ஞாயிறு இரவு

சொல்லிட்டேன் அண்ணே. இடது கைமேல பேனாவால "ஊசி வேண்டாம்"னு அம்மாவே பெருசா எழுதி விட்டுருச்சு. சர்ஜன் புதன்கிழமை வர்றாராம்.